ஸ்பேம்அசாசின் ஸ்பேம்டி: லாக் சேவை ரீஸ்டார்ட் ஆனதும் சத்தமில்லாமல் படுக்கும் வடிகட்டி

மதிப்பெண்: 5-க்கு 3. ஸ்பேமைப் பிடிக்கும் திறமைக்கு மட்டும் என்றால் 4 தாராளமாகத் தரலாம். தான் படுத்துவிட்டதை நிர்வாகியிடம் சொல்லும் விஷயத்தில் 2-ஐத் தாண்டாது.

மெயில் ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம்அசாசினை 2001-இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்டார். 2004-இல் அது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வந்தது, 4.0 பதிப்பு 2022 டிசம்பரில். விதிகள், பேய்ஸ் கணக்கு (பழைய மெயில்களிலிருந்து கற்ற நிகழ்தகவு), டிஎன்எஸ் கருப்புப் பட்டியல்கள் எல்லாவற்றையும் கூட்டி ஸ்கோர் போட்டு, 5.0-ஐ எட்டினால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். அந்தத் திறமையை அலச வேறு இடங்கள் உண்டு. இங்கே எடுத்துக்கொண்டது அதன் பின்னணிச் சேவையான ஸ்பேம்டியை, அதுவும் ஒரே கேள்வியோடு: சர்வரின் லாக் சேவையான ஆர்சிஸ்லாக்கோ சிஸ்லாக்-என்ஜியோ ரீஸ்டார்ட் ஆனபின் வடிகட்டி என்ன ஆகிறது?

லாக் எழுதுவது எடுபிடி வேலை. அது நின்றால் முக்கிய வேலை நிற்கக் கூடாது; நின்றே ஆக வேண்டுமென்றால் ஊர் கேட்கும்படி நிற்க வேண்டும். ஸ்பேம்டி இரண்டிலும் தடுமாறுகிறது.

வெளியே என்ன தெரியும்

காலையில் பயனர்கள் "இன்பாக்ஸ் முழுக்கக் குப்பை" என்று போன் செய்வார்கள். மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸின் க்யூவைப் பார்த்தால் காலி. மெயில்கள் வழக்கமான வேகத்தில் போய்ச் சேர்கின்றன. பிஎஸ் கட்டளையில் ஸ்பேம்டியின் பெயர் இருக்கிறது. ஸ்பேம்டியிடமிருந்து பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஏனென்றால் அதன் பிழைச் செய்தி போய் விழ வேண்டிய இடமே லாக்தான்.

குப்பை உள்ளே வருவதற்கு நேரடிக் காரணம் ஸ்பேம்டி அல்ல, அதற்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்பேம்சி. ஸ்பேம்டியைத் தொட முடியாவிட்டால் அது 1 விநாடி இடைவெளியில் மொத்தம் 3 முறை முயலும். அப்புறம் மெயிலை அப்படியே, ஒரு ஹெடர்கூடச் சேர்க்காமல், வெற்றி என்ற குறியீட்டோடு திருப்பிக் கொடுத்துவிடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "பாதுகாப்பான பின்வாங்கல்". மெயில் தொலையாது என்பது உண்மைதான். ஆனால் இது வீட்டுக் காவலாளி தூங்கும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது போன்ற பாதுகாப்பு.

ஆகவே முதல் சோதனை லாக்கில் அல்ல, மெயிலில். சமீபத்தில் வந்த ஒரு மெயிலின் மூலத்தைத் திறந்து எக்ஸ்-ஸ்பேம்-செக்கர்-வெர்ஷன் என்ற ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மெயிலுக்கும் அது விழும். இல்லையென்றால் அந்த மெயில் வடிகட்டிக்குள் போகவே இல்லை. ஒரு விதிவிலக்கு: 500 கேபி-க்கு மேற்பட்ட மெயிலை ஸ்பேம்சி இயல்பாகவே அனுப்பாது. பெரிய இணைப்பு உள்ள மெயிலை எடுத்துவைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

இரண்டாவது சோதனைக்கு ஜிட்யூப் (ஸ்பேம் வடிகட்டிகளைச் சோதிக்கவென்றே உள்ள எழுத்துச் சரம்) கொண்ட மாதிரி மெயில் போதும். ஸ்பேம்அசாசின் தொகுப்போடு வரும் சாம்பிள்-ஸ்பேம் கோப்பில் அந்தச் சரம் இருக்கிறது. அதற்கு மட்டும் 1000 மதிப்பெண். அந்தக் கோப்பை ஸ்பேம்சியின் சின்ன "சி" விருப்பத்துக்கு ஊட்டினால், நலமாக இருக்கும் வடிகட்டி 1000-ஐ ஒட்டிய எண், சாய்வுக்கோடு, 5.0 என்று அச்சிட்டு, வெளியேறும் குறியீடாக 1 தரும். படுத்திருக்கும் வடிகட்டி 0/0 என்று காட்டும். அதோடு வெளியேறும் குறியீடு 0, அதாவது "ஸ்பேம் இல்லை". கண்காணிப்பு ஸ்கிரிப்ட் வெறும் குறியீட்டை மட்டும் பார்த்தால் சாதாரண மெயிலுக்கும் செத்த வடிகட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஜிட்யூப் போட்டு 1 வருகிறதா என்றுதான் கேட்க வேண்டும். பெரிய "கே" விருப்பம் தரும் "பாங்" பதிலை நம்பிப் பயனில்லை. சைல்டு (மெயிலைச் சோதிக்க ஸ்பேம்டி உருவாக்கும் துணை புராசஸ்) ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், ஒரு முழு மெயிலை முடித்துக் கொடுக்கும் என்பதை அல்ல.

ஏன் ரீஸ்டார்ட்டோடு வருகிறது

லாக் சேவையோடு பேசும் வாசல் /டெவ்/லாக் என்ற யூனிக்ஸ் சாக்கெட். பெயர் பார்க்க ஒரு கோப்பு மாதிரி. ஆனால் ஸ்பேம்டி ஒருமுறை அதில் இணைந்தபின் பெயரோடு அதற்கு உறவில்லை, அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த சாக்கெட்டோடுதான். லாக் சேவை நின்று எழும்போது பழைய சாக்கெட்டை மூடி அதே பெயரில் புதிதாக ஒன்றைத் திறக்கும். எல்எஸ் போட்டுப் பார்த்தால் எல்லாம் பழையபடி. ஸ்பேம்டி கையில் இருப்பது செத்துப்போன இணைப்பு. டேட்டாகிராம் வகைச் சாக்கெட் என்றால் அடுத்த லாக் வரிக்கு "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழை. ஸ்ட்ரீம் வகை என்றால் பிழையோடு, உடைந்த இணைப்பில் எழுதினால் கெர்னல் அனுப்பும் சிக்பைப் சிக்னலும் வரும். அதைப் பிடிக்க ஆளில்லாவிட்டால் புராசஸ் அந்த இடத்திலேயே முடிந்தது.

இது ஊகமல்ல. ஸ்பேம்அசாசினின் சிஸ்லாக் தொகுதியைத் திறந்தால், சிஸ்லாக்-என்ஜி ரீஸ்டார்ட் ஆனபின் இந்த சிக்னல் வருவது கண்டறியப்பட்டது என்று கருத்து வரியே எழுதி, அதற்கென ஒரு கையாளும் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்து இருக்கிறது. ஆனால் அது நோயைப் பாதிதான் தீர்க்கிறது. லாக் எழுதுவது தொடர்ச்சியாகச் சில முறை தோற்றால் அந்த புராசஸ் லாக் எழுதுவதையே கைவிட்டுவிடும்; அப்புறம் ரீஸ்டார்ட் செய்யும்வரை ஊமை.

அதனால் ஒரே பழுது இரண்டு முகம் காட்டும். பழைய ஸ்பேம்டியும் பழைய பெர்ல் சிஸ்லாக் தொகுதியும் உள்ள பெட்டிகளில் சைல்டுகள் சாகும். தாய் புராசஸ் புதிதாகப் பெறும் சைல்டும் அதே செத்த இணைப்பைச் சீதனமாக வாங்கிக்கொண்டு முதல் லாக் வரியிலேயே விழும். புதிய பெட்டிகளில் வடிகட்டல் நடக்கும், லாக் மட்டும் வராது. நிர்வாகி லாக்கைப் பார்த்து வடிகட்டி செத்தது என்று நினைத்து, தேவையில்லாமல் ரீஸ்டார்ட் செய்வார். எந்த முகம் என்று பிரிப்பதற்குத்தான் மேலே சொன்ன ஹெடர் சோதனையை முதலில் வைத்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதுதான் மோசம். லாக் சேவை சாகவில்லை, தொங்கிவிட்டது. தொலைவிலுள்ள லாக் சர்வருக்கு டிசிபி வழியாக அனுப்பும்படி ஆர்சிஸ்லாக்கை அமைத்து, அந்தச் சர்வர் விழுந்தால், உள்ளூர் வரிசை நிரம்பி /டெவ்/லாக்கைப் படிப்பதே நிற்கும். லினக்ஸ் கெர்னலில் யூனிக்ஸ் டேட்டாகிராம் சாக்கெட்டின் வரிசை நீளம் இயல்பாக 10. அது நிரம்பியதும் எழுதுபவர் அங்கேயே காத்து நிற்பார். ஸ்பேம்டியின் அதிகபட்ச சைல்டு எண்ணிக்கை இயல்பாக 5. ஐந்தும் ஒரு லாக் வரி எழுதக் காத்து நின்றால் ஆறாவது மெயிலைத் தொட ஆளில்லை. ஸ்பேம்சியின் காத்திருப்பு எல்லை 600 விநாடி. மெயில்கள் பத்துப் பத்து நிமிடம் தேங்கி, கடைசியில் வடிகட்டாமல் உள்ளே போகும். அதே நேரத்தில் எஸ்எஸ்எச் லாகினும் மெதுவானால் இந்த வகைதான் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம்.

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள இன்றைய டெபியன் லினக்ஸில் நிலைமை மேல். அங்கே /டெவ்/லாக் வெறும் இணைப்புக் கோப்பு; உண்மையான சாக்கெட்டை வைத்திருப்பது சிஸ்டம்டி, படிப்பது அதன் லாக் சேவையான ஜர்னல்டி. ஆர்சிஸ்லாக்கை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் வாசல் மாறாது. டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதுகூட இல்லை. ஆகவே இந்தப் பழுதை இன்றைக்குப் பார்ப்பது சிஸ்டம்டி இல்லாத பெட்டிகளிலும், எஃப்ரீபிஎஸ்டியிலும், புராசஸைத் தனிக் கோப்புறைக்குள் அடைக்கும் சிஎச்ரூட் கூண்டுகளிலும், டாக்கர் கன்டெய்னர்களிலும்தான். டாக்கரில் சாக்கெட் கோப்பை மட்டும் தனியாக மவுன்ட் செய்தால் கன்டெய்னர் அந்தப் பழைய ஐநோடை (கோப்பின் உள் அடையாளத்தை) பிடித்துக்கொண்டே இருக்கும். ஹோஸ்ட்டில் புதுச் சாக்கெட் வந்தது அதற்குத் தெரியாது. கன்டெய்னருக்குள் ஸ்பேம்டியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் தீராது. சாக்கெட் இருக்கும் கோப்புறையையே மவுன்ட் செய்ய வேண்டும்.

நேரமும் துப்பு கொடுக்கும். டெபியனில் தினசரி கிரான் வேலைகள் இயல்பாக 6:25-க்கு. லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொடேட் டைமராக ஓடினால் நள்ளிரவை ஒட்டி. குப்பை வரத் தொடங்கும் நேரம் இதோடு ஒத்துப்போனால், லாக்ரொடேட் கோப்புகளில் யாரோ கையால் "ரீஸ்டார்ட்" என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். டெபியன் தரும் மூலக் கோப்பு, லாக் கோப்புகளை மறுபடி திறக்கச் சொல்லும் ஹப் சிக்னல்தான் அனுப்பும்; அதில் சாக்கெட் உடையாது. "சில நாள் தானாகச் சரியாகிவிடுகிறது" என்ற புகாருக்கும் விளக்கம் இருக்கிறது. எஸ்ஏ-அப்டேட் புதிய விதிகள் கொண்டுவந்த நாளில் ஸ்பேம்டி மறுபடி ஏற்றப்படும், இணைப்பும் புதிதாகும். புதிய விதி இல்லாத நாளில் பழுது அப்படியே கிடக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை ஸ்பேம்டியின் தாய் புராசஸில் சைல்டுகளையும் பின்தொடரும்படி மாட்டி, கனெக்ட், சென்ட்டூ, ரைட் அழைப்புகளை மட்டும் பாருங்கள். ஒரு ஜிட்யூப் அனுப்பியதும் மறுக்கப்பட்டதா, பைப் உடைந்ததா, அழைப்பு முடியாமல் தொங்குகிறதா என்று மூன்று முகமும் ஒரே திரையில் பிரிந்துவிடும்.

சரிசெய்ய இருக்கும் வழிகள்

இந்தத் தயாரிப்புக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்க வேண்டுமென்றால் இங்கேதான். லாக் எங்கே போக வேண்டும் என்பதில் தாராளமான தேர்வு வைத்திருக்கிறார்கள். டெபியன் 12-இல் இவற்றை எழுதும் இடம் /இடிசி/டீஃபால்ட்/ஸ்பேம்டி கோப்பின் ஆப்ஷன்ஸ் வரி. முந்தைய பதிப்புகளில் கோப்பின் பெயர் ஸ்பேம்அசாசின்.

எளிதானது, சிஸ்லாக்-சாக்கெட் விருப்பத்துக்கு "நேட்டிவ்" என்று கொடுப்பது. அப்போது பெர்ல் தானே சாக்கெட்டோடு மல்லுக்கட்டாமல் சி நூலகத்தின் சிஸ்லாக் அழைப்பை நம்பும். இணைப்பு செத்திருந்தால் ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) அதை மூடி மறுபடி திறந்து அனுப்பிப் பார்க்கும். ரீஸ்டார்ட் பழுதுக்கு இது போதும். தொங்கும் பழுதுக்கு உதவாது.

"ஐநெட்" என்று கொடுத்து யூடிபி 514 வழியாக அனுப்பினால் இரண்டுக்கும் உதவும். யூடிபி யாருக்காகவும் காத்து நிற்காது. ஆனால் ஆர்சிஸ்லாக்கில் ஐஎம்யூடிபி தொகுதியை ஏற்றி 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் சொல்ல வேண்டும். முகவரி குறிக்காமல் விட்டால் வெளியுலகம் உங்கள் லாக்கில் எழுதும். இன்னொரு கண்ணி: பெர்ல் தொகுதி போர்ட் எண்ணை /இடிசி/சர்வீசஸ் கோப்பில் தேடும். டெபியனின் மெலிந்த கன்டெய்னர் பிம்பங்களில் அந்தக் கோப்பு இருக்காது. நெட்பேஸ் தொகுப்பை நிறுவினால் வந்துவிடும்.

எங்கள் பரிந்துரை கோப்புதான். சின்ன "எஸ்" விருப்பத்துக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் ஸ்பேம்டி சிஸ்லாக்கை மறந்துவிட்டு நேரே கோப்பில் எழுதும். /வார்/லாக் கீழ் ஸ்பேம்டி என்று தனிக் கோப்புறை போட்டு, டெபியன்-ஸ்பேம்டி பயனருக்கு உரிமை தந்து, 0750 அனுமதி வையுங்கள். லாக்ரொடேட்டில் தினசரி, 14 பிரதி, காப்பிட்ரன்கேட் (கோப்பை நகலெடுத்து, மூலத்தை அதே இடத்தில் வெட்டுவது). கடைசிச் சொல் முக்கியம். அது இல்லாமல் கோப்பைப் பெயர் மாற்றினால் ஸ்பேம்டி பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அதைச் சுருக்கி அழித்தபின்னும் டிஸ்க் இடம் திரும்பாது. காப்பிட்ரன்கேட்டில் நகலுக்கும் வெட்டுக்கும் இடையே ஓரிரு வரி தொலையலாம், பரவாயில்லை. மைய லாக் சர்வருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஆர்சிஸ்லாக்கின் ஐஎம்ஃபைல் தொகுதி அந்தக் கோப்பைப் படித்து அனுப்பட்டும். அது தொங்கினாலும் வடிகட்டிக்குத் தெரியாது.

எஸ்டிடிஎர்ர் (பிழை வெளியீடு) வழியாக ஜர்னலுக்கு அனுப்புவதும் நடக்கும், ஸ்பேம்டியைப் பின்னணிக்குத் தள்ளும் சின்ன "டி" விருப்பத்தை நீக்கினால். ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தால் ஸ்ட்ரீம்கள் காப்பாற்றப்படும். முதலில் நிறுத்தி, பிறகு தனியாகத் தொடங்கினால் எல்லாச் சேவையின் ஸ்ட்ரீமும் அறுந்துவிடும்.

பலர் கைவைக்கும் இன்னொரு வழி, லாக் சேவை ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஸ்பேம்டியும் ரீஸ்டார்ட் ஆகும்படி சிஸ்டம்டியில் "பார்ட்ஆஃப்" வரி சேர்ப்பது. இதை நாங்கள் சொல்ல மாட்டோம். விதிகளை ஏற்றி எழ ஸ்பேம்டிக்குச் சில விநாடி ஆகும். ஸ்பேம்சியின் 3 முயற்சி அதற்குள் தீர்ந்துவிடும். தினமும் ஒரு சின்ன ஓட்டையை நீங்களே போட்டுவைத்த மாதிரி.

உண்மையில் மாற்ற வேண்டிய வரி

லாக்கை எங்கே அனுப்பினாலும் ஸ்பேம்சியின் மௌனத்தை உடைக்காவிட்டால் வேறொரு காரணத்தால் இதே கதை திரும்பும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் ஸ்பேம்சியை பைப் வழியாக அழைக்கும் வரியில் சின்ன எக்ஸ், பெரிய எக்ஸ் இரண்டையும் சேர்க்க வேண்டும். சின்ன எக்ஸ் பின்வாங்கலை நிறுத்தும். அதை மட்டும் போட்டால் ஆபத்து: ஸ்பேம்டி கிடைக்காதபோது குறியீடு 69 வரும், போஸ்ட்ஃபிக்ஸ் அதை நிரந்தரத் தோல்வியாக எடுத்து மெயிலை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பெரிய எக்ஸ் அந்த 69-ஐ 75 ஆக்கும். 75 என்றால் தற்காலிகம். மெயில் க்யூவில் உட்காரும், இயல்பான அமைப்பில் 300 விநாடிக்குப் பிறகு மறுபடி முயலும். க்யூ வீங்கினால் எந்தக் கண்காணிப்புக் கருவியும் கத்தும். நமக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

இரண்டு எழுத்தும் சின்ன "இ" விருப்பத்துக்கு முன்னால் வர வேண்டும். "இ"-க்குப் பின்னால் வருவதெல்லாம் சென்ட்மெயில் கட்டளைக்குப் போய்விடும். கூடவே இணைப்பு முயற்சியை 10 ஆகவும் இடைவெளியை 3 விநாடியாகவும் கூட்டினால், எஸ்ஏ-அப்டேட்டுக்குப் பின் வரும் ரீஸ்டார்ட் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும்.

இவை இயல்பமைப்பாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு மதிப்பெண் குறைந்தது அதற்குத்தான்.

மாற்று

அமாவிஸ் என்ற மெயில் வடிகட்டி ஸ்பேம்அசாசினையே உள்ளே நூலகமாகப் பயன்படுத்துகிறது, ஸ்பேம்டி தேவையில்லை. லாக்குக்கு சி நூலக அழைப்பை நம்புகிறது. அது விழுந்தால் 10024 போர்ட் பேசாது, மெயில் க்யூவில் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்பேம்டியைவிட நேர்மையானது. இன்னொரு வடிகட்டியான ஆர்ஸ்பேம்டி இயல்பாகவே சொந்தக் கோப்பில் லாக் எழுதுகிறது, யூஎஸ்ஆர்1 சிக்னல் கொடுத்தால் கோப்பை மறுபடி திறக்கும். மில்டராக (போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாக அழைக்கும் வடிகட்டியாக) 11332 போர்ட்டில் இணைத்தால், அது இல்லாதபோது போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு "டெம்ப்ஃபெயில்", அதாவது தற்காலிகத் தோல்வி. ஆனால் வழிகாட்டிக் கட்டுரைகள் பலவும் அந்த வரியை "அக்செப்ட்" என்று மாற்றச் சொல்கின்றன. கேட்டு மாற்றியவர்கள் ஸ்பேம்சியின் அதே மௌனத்தைக் கைக்காசு போட்டு வாங்கியவர்கள். புதிதாகச் சர்வர் போடுபவர் ஆர்ஸ்பேம்டி பக்கம் போகலாம், ரெடிஸ் தரவுத்தளம் ஒன்றைக் கூடவே பராமரிக்க மனமிருந்தால். பல வருடம் பழக்கிய பேய்ஸ் தரவும் சொந்த விதிகளும் உள்ளவர் இதற்காக மட்டும் ஸ்பேம்டியை விட வேண்டாம்.

மாற்றங்கள் முடிந்ததும் சோதனைச் சர்வரில் லாக் சேவையை ரீஸ்டார்ட் செய்து உடனே 10 ஜிட்யூப் அனுப்புங்கள். பத்துக்கும் 1 வர வேண்டும். ஐந்தோடு நிறுத்தினால் எல்லாச் சைல்டும் சோதனைக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு ஆர்சிஸ்லாக் புராசஸுக்கு ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வைத்து, இன்னொரு 30 அனுப்புங்கள். கோப்பு வழியோ யூடிபி வழியோ என்றால் முப்பதும் வழக்கமான நேரத்தில் முடியும். சிஸ்டம்டி இல்லாத பெட்டியில் நேட்டிவ் வழி என்றால் எங்கோ நடுவில் நிற்கும். கடைசியாக ஸ்பேம்டியையே நிறுத்தி ஒரு சாதாரண மெயில் அனுப்பி, அது க்யூவில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆர்சிஸ்லாக்குக்கு கன்ட் சிக்னல் கொடுத்து எழுப்ப மறக்க வேண்டாம்.